கொம்புக் குறி தேடிய செவ்வாய்க்கிழமைகள்

எங்கள் கிராமத்து ஆவணக் காப்பகம் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் மட்டும் திறந்திருக்கும். இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து நான்கு மணிக்குப் பூட்டுவார்கள். இடைப்பட்ட நேரத்தின் பெரும்பகுதி கோப்பிக்குப் போய்விடும். இதை எவராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஓர் இளவேனிற்காலம் முழுவதையும் அந்த நிலவறையில் பொறுமையிழந்து கழித்திருக்க மாட்டேன் என்று எழுதவே விரும்புகிறேன். ஆனால் அது உண்மையாகாது. சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் துணி ஆலையொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற பின்னர், நகரத்து அடுக்குமாடி வீட்டை விட்டுவிட்டு மேற்கே கடலேரியின் ஓரத்தில் பழைய கமக்காரர் வீடொன்றை வாங்கினேன். அது முற்றிலும் என்னுடைய யோசனை. என் மனைவிக்கு அதில் சம்மதம் இருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் பிறரைத் தூக்கியும் இறக்கியும் முதுகு பழுதாகிப் போனவர் அவர். அவருடைய சிநேகிதிகள், மாதந்தோறும் நடக்கும் தமிழ்ப் பூசை, மரக்கறி வாங்கும் கடை எல்லாம் ஹேர்னிங்கிலேயே இருந்தன. புதிய வீட்டில் முதற் குளிர்காலம் முழுவதும் யன்னலருகே இருந்து வெறும் வயலைப் பார்த்தபடி, "காத்து மட்டும்தான் இஞ்ச எங்களைத் தேடி வருது" என்பதற்கு மேல் அதிகம் பேசவில்லை. பனி உருகிய பின் ஒருநாள் தானே காரை எடுத்துக்கொண்டு போனவர், பின்னிருக்கையை மடித்துப் போர்வை விரித்து, இரண்டு பெட்டை வெள்ளாடுகளுடன் திரும்பி வந்தார். அன்றிலிருந்து காலையில் எனக்கு முன்பாக எழும்பினார். ஆடு என்ன தின்றது, எந்த ஆடு முறைக்கிறது, எது பால் குறைத்துவிட்டது என்று ஹேர்னிங்குச் சிநேகிதிகளுடன் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்டது எனக்குப் போதுமாயிருந்தது. ஆடுகள் என் முள்ளங்கிப் பாத்தியை அழித்ததைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து தொலைபேசிக்கு அறிவித்தல் வந்தது. எங்கள் காணி குடியிருப்பு வலயத்தில் அடங்குவதால் அங்கே ஆடு வளர்க்க இயலாதென்றும், நடுக்கோடைக்குள் வேறு மேய்ச்சல் நிலம் காட்டாவிட்டால் அவற்றை அகற்ற வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. மனைவி அதை இரண்டு முறை வாசித்துவிட்டுத் தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஆடு போனா நானும் போறன்."

"எங்க?"

"ஹேர்னிங்குக்கு. நீங்கள் இந்த வீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

"விளையாட்டுக்குச் சொல்லுறீர்."

"விளையாட எனக்கு நாரி நோவு விடாது" என்று சொல்லி எழுந்து போனார். அவர் கோபமாகச் சொல்லும் வார்த்தைகளை நான் நம்புவதில்லை. அன்று கோபமில்லாமல் சொன்னார்.

கிராமத்துக்குப் பின்னால், கடலேரி வரைக்கும் சரிந்து போகும் பொதுப் புல்வெளி ஒன்று இருக்கிறது. அதைப் பராமரிக்கும் சங்கத்தின் தலைவர் வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் அயலவர். செம்மறி வளர்க்கும் கமக்காரர். அவரிடம் போய் மனைவியின் ஆடுகளுக்கு மேய்ச்சல் இடம் கேட்டேன். டேனிஷ் மொழியில் எல்லோரும் எல்லோரையும் ஒருமையிலேயே அழைப்பார்கள். என் கை அப்படி எழுத மறுப்பதால் அவர்கள் பேச்சை மரியாதையுடன் தமிழாக்கித் தருகிறேன்.

"அங்கே புல் ஆட்களுக்குரியதல்ல" என்றார் அவர், வேலிக் கட்டையில் கையை ஊன்றியபடி. "பழைய காலத்தில் குறி பதிந்த வீடுகளுக்குத்தான் பங்கு. உங்கள் வீட்டுக்குப் பதிவு இருந்தால் கொண்டு வாருங்கள். கூட்டத்தில் வைப்போம்."

பொதுப் புல்வெளியில் பலருடைய மாடுகள் கலந்து மேய்ந்த காலத்தில், எது எவருடையது என்று அறிய மாட்டின் கொம்பில் ஒரு குறியைச் சுட்டுவிடுவார்களாம். அந்தக் குறிகளைக் கிராமசபை பதிந்து வைத்திருந்ததாம். கேட்டதும் என் மனம் இலேசாகியது. ஏனென்றால் அப்படியொரு இரும்பு என்னிடம் இருந்தது. ஆட்டுக்காகக் கொட்டிலைத் துப்புரவு செய்தபோது, கதவோரத்தில் மழைச்சட்டை கொழுவும் ஆணியில் தொங்கிய விரல் நீள இரும்பைக் கண்டெடுத்திருந்தேன். அதன் முனையில் ஒரு நேர்கோடு, தலைப்பில் இரண்டு கிளை, நடுவில் ஒரு குறுக்குக்கோடு. அது என்னவென்று கண்டவுடனேயே எனக்குத் தெரிந்தது. இலங்கையில், மன்னார்ப் பெருநிலப்பரப்பில் மாடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் இரும்பு முழங்கை நீளம். சுடுவது கொம்பில் அல்ல, தொடையில். அந்தக் குறியைப் பதிவதற்காக என் தகப்பனாருடன் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றவன் நான். ஆகவே மாட்டுக் குறி விடயத்தில் எனக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று எண்ணினேன். இரும்பு கையில் இருக்கிறது, பதிவை எடுத்துக் கொடுப்பது ஒரு வார வேலை என்று மனைவியிடமும் சொல்லி வைத்தேன்.

முதலில் கொம்யூன் அலுவலகத்துக்கு அழைப்பெடுத்தேன். இளம்பெண்ணொருவரின் குரல் கேட்டது.

"கால்நடைக் குறிப் பதிவு பற்றி அறிய வேண்டும்" என்றேன்.

"உங்கள் நாய்க்குக் கழுத்தில் அடையாளச் சில்லு வைத்திருக்கிறதா?"

"நாயல்ல. மாடு."

"மாடு காணாமற் போய்விட்டதா?"

"அந்த மாடு நீங்களும் நானும் பிறப்பதற்கு முன்னரே செத்துவிட்டது."

என் அழைப்பைக் காத்திருப்பில் போட்டார். பிறகு சங்கீதம் கேட்டது. சங்கீதத்துக்குப் பிறகு வேறொருவர் வந்தார். அவர் கூறியதன்படி, கிராமசபைகளை ஒன்றாக்கியபோது தாள்கள் முதற் கொம்யூனுக்குப் போயின. அந்தக் கொம்யூன் இன்னொன்றுடன் இணைந்தபோது அவை வேறு நகரத்துக்குப் போயின. அந்த நகரத்தில் கேட்டபோது பழையவற்றை மாகாணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மாகாணக் காப்பகத்துக்கு எழுதினால், தேர்ந்தெடுத்த சிலவற்றையே தாங்கள் ஏற்றதாகவும், மிச்சம் இருந்த இடத்திலேயே இருக்கக்கூடுமென்றும் மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. இருந்த இடம் எங்கள் கிராமம். என் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய பழைய பள்ளிக்கூடத்தின் நிலவறை. அதைக் கண்டுபிடிக்க நான் யூலாந்துக் குடாநாட்டில் பாதியையும் தொலைபேசியில் சுற்றி வந்திருந்தேன்.

காப்பகத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். உயரமானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். அவரும் வேறு சில முதியவர்களும் சம்பளமின்றி அந்த வேலையைச் செய்தார்கள் என்பதை நன்றியுடன் இங்கே பதிகிறேன். என் எரிச்சல் அவர்களுடைய மனத்தைப் பற்றியதல்ல. நான் உள்ளே நுழைந்ததும் அவர் கண்கள் மலர்ந்தன. வெளிநாட்டிலிருந்து இப்பகுதிக்கு வந்தவர்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் சேகரித்து வந்தார்களாம். சேகரிப்புக்கு இதுவரை ஒருவரும் அகப்படவில்லையாம்.

"நீங்கள் எந்த வருடம் டென்மார்க்குக்கு வந்தீர்கள்?"

"நான் மாட்டுக் குறி பார்க்க வந்தேன்."

"சரி, சரி, அதையும் பார்ப்போம். முதலில் கோப்பி." ஒலிப்பதிவுக் கருவியொன்றை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "முதன்முதலாகப் பனியைக் கண்டபோது என்ன உணர்ந்தீர்கள்?"

"குளிர்."

"வேறு?"

"சப்பாத்து நனைந்தது."

அவர் ஏமாற்றமடையவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார்.

பதிவைத் தேடும் வேலைக்கு வந்தபோது, எவருடைய பெயரில் தேடுவது என்றார். இந்த இடத்தில் நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். குறி என்பது மனிதனுக்குரியது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. இளையவன் பிரிந்து போனால் அதே குறியில் ஒரு புள்ளியையோ கோட்டையோ கூட்டிக்கொள்வான். காணியை விற்றாலும் குறியை விற்பதில்லை. ஊர் மாறினாலும் குறி அவனுடனேயே போகும். எங்கள் பக்கத்தில் ஒரு மாட்டின் தொடையைப் பார்த்தால் அதன் சொந்தக்காரனின் பாட்டனாரைச் சொல்லிவிடலாம் என்றேன். ஆசிரியை ஆர்வத்துடன் தலையசைத்தார். நான் அறிந்தவன் போலப் பேசியபடியால் அவர் நம்பிவிட்டார். என் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கண்ட முன்னைய சொந்தக்காரர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். தேடத் தொடங்கினோம்.

அந்தத் தேடலின் துன்பத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் தகப்பனுக்கும் மகனுக்கும் பெரியப்பன் மகனுக்கும் ஒரே பெயரை வைப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் ஆசிரியை ஒரு பெட்டி முழுவதையும் இறக்குவார். அதற்குள் அந்தப் பெயரில் கமக்காரர், மீன்பிடிகாரர், செருப்புத் தைப்பவர், வரி கட்டாதவர் எல்லோரும் இருப்பார்கள். பழைய கையெழுத்தோ முள்ளுக்கம்பியைச் சுருட்டி வைத்ததுபோல இருந்தது. எந்த முள் எந்த எழுத்து என்று அறிவதற்காக நூலகத்திலிருந்து கைநூலொன்றை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் எழுதிப் பழகினேன். எனினும் காப்பகத்தில் நான் ஒரு வரியைக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் ஆசிரியை பக்கத்தைப் புரட்டிவிடுவார். சுவையான எதையாவது கண்டால் நின்றும் விடுவார்.

"இங்கே பாருங்கள், இவருடைய பன்றி தேவாலய மயானத்துக்குள் புகுந்துவிட்டது. குற்றப்பணம் கட்டியிருக்கிறார்."

மற்ற முதியவர்கள் எழுந்து வந்து பன்றியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு அந்தப் பன்றியின் சொந்தக்காரர் தன்னுடைய தாய்வழி உறவினரென்று தோன்றியது. அதற்காக இன்னொரு பெட்டி இறங்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதையும் பன்றி எடுத்துக்கொண்டது. வெளியே வந்தபோது வானம் வெளிச்சமாக இருந்தது. நாள் நீண்டுகொண்டு போவதைக் கண்டு இந்த நாட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். எனக்கோ நடுக்கோடை நெருங்குவது மட்டுமே தெரிந்தது.

வீட்டில் மனைவி ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"கிடைச்சதே?"

"இல்லை."

"இண்டைக்கு என்ன கேக்?"

"அப்பிள் கேக்."

"அப்ப சும்மா போகேல்லை."

கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஓகூஸ் நகரத்தில் கணக்காளராக வேலை செய்யும் எங்கள் மகள் ஒரு மாலை அழைத்தாள். நான் தமிழில் கேட்பதும் அவள் டேனிஷில் பதில் சொல்வதும் எங்கள் வழக்கம்.

"அம்மா ஹேர்னிங்கில் வீடு பார்க்கிறா, தெரியுமா அப்பா? இரண்டு அறை. படங்களை எனக்கு அனுப்பினா."

"சும்மா பாக்கிறா."

"சும்மா பார்க்கிறவர் குசினியை அளந்து கேட்பாரா?"

அன்றிரவு நான் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.

கடைசிப் பெயரும் கைவிட்ட பின்னர், இரும்பையே கொண்டுபோய் ஆசிரியையின் மேசையில் வைப்பதென்று முடிவு செய்தேன். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவில் நடக்கையில் அயலவரின் உழவு இயந்திரம் பக்கத்தில் வந்து நின்றது. என்ன கொண்டு போகிறீர்கள் என்றார். விரித்துக் காட்டினேன்.

"ஆம், உங்கள் வீட்டுக் குறி" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லோருக்கும் தெரியும். உங்கள் கொட்டில் கதவுக்கு மேலே உள்ள மரத்திலும் வெட்டியிருக்கிறது. வர்ணம் பூசி மறைத்துவிட்டார்கள்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டோ குற்ற உணர்வோ இருக்கவில்லை. மழை வருமா என்று பார்க்கும் முகமே இருந்தது.

"பிறகு நான் ஏன் தேடிக்கொண்டிருக்கிறேன்?"

"எனக்குத் தெரிவது காணாது. கூட்டத்தில் தாள் கேட்பார்கள்."

"இந்த வீட்டில் இருந்த அத்தனை பேருடைய பெயரிலும் தேடிவிட்டேன்."

இப்போதுதான் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "ஆட்களின் பெயரிலா? குறி ஆட்களுடையதல்லவே. ஆட்கள் வருவார்கள், போவார்கள். வீட்டில் எவர் இருக்கிறாரோ அவருக்குத்தான் குறி. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து உங்களுடையது. போகும்போது கொளுக்கியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்."

அவர் போன பிறகும் நான் தெருவோரத்தில் நின்றேன். என் தகப்பனார் வீடு, வாசல், காணி எல்லாம் விட்டுப் பெயர்ந்தபோதும் அந்த இரும்பை மட்டும் சாக்கில் போட்டு எடுத்து வந்தவர். இங்கே வீட்டைக் கட்டியவன் தன் குறியை ஆணியில் விட்டுவிட்டு வெறுங்கையுடன் போயிருக்கிறான். இப்படியொரு ஏற்பாடு உலகத்தில் இருக்கக்கூடுமென்று எனக்கு எண்ணத் தோன்றவே இல்லை. தோன்றாததற்காக என்னில் வந்த எரிச்சலை, ஆணியில் விட்டுவிட்டுப் போனவன்மேல் திருப்பிக்கொண்டேன்.

காப்பகத்தில் ஆசிரியையிடம் வீட்டுக் காணி இலக்கத்தைச் சொன்னேன். அவர் பெட்டிகளின் பக்கம் போகவில்லை. கோப்பிப் போத்தல் நிற்கும் அலுமாரிக்குப் போய், போத்தலை எடுத்து எனது கையில் தந்துவிட்டு, அதன் பின்னால் நின்ற மெல்லிய புத்தகமொன்றை இழுத்தார். காணி இலக்கங்கள் வரிசையாக இருந்தன. எங்கள் இலக்கத்துக்கு எதிரே மையினால் வரைந்த நேர்கோடு, இரண்டு கிளை, குறுக்குக்கோடு. பக்கத்தில், இரண்டு மாட்டுக்குரிய புல் என்று பங்கு எழுதியிருந்தது. நான் போத்தலைப் பிடித்தபடியே நின்றேன்.

"இதை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை?"

"நீங்கள் ஆட்களின் பெயர்களைத் தந்தீர்கள்" என்றார் அவர் கனிவாக. "குறி மனிதனுடன் போகுமென்று அவ்வளவு விளக்கமாகச் சொன்னீர்கள். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்குமென்று நினைத்துவிட்டேன். அந்தப் பகுதி ஒலிப்பதிவில் மிகத் தெளிவாக வந்திருக்கிறது."

சங்கத்தின் கூட்டம் அயலவரின் இயந்திரக் கொட்டிலில் நடந்தது. மனைவியும் வந்தார். வாசலோரத்து மரவாங்கில், வீட்டுக்குப் போக எழும்பத் தயாராக இருப்பவர் போல, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பதிவின் பிரதியை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். எதிர்ப்பில்லை. இரண்டு மாட்டுக்குரிய புல் எங்கள் வீட்டுக்கு உண்டென்று தலைவர் அறிவித்தார். ஒரு மாட்டுக்கு எத்தனை வெள்ளாடு கணக்கு என்று நான் கேட்டேன்.

 ஒருவர் பழைய விதிகளைப் புரட்டி வாசித்தார். மாட்டுக்குப் பதில் இத்தனை செம்மறி, இத்தனை வாத்து என்று சொல்லிக்கொண்டு போய், வெள்ளாடு எக்காலத்திலும் விடப்படமாட்டாது என்று முடித்தார். கடலேரி அணையோரத்து மரங்களின் பட்டையை உரித்துவிடுமாம். விதியை மாற்றுவதானால் அடுத்த வருடப் பொதுக்கூட்டத்தில் மாற்றலாமாம்.

நான் தலைவரிடம் திரும்பினேன். "என் மனைவியின் ஆடுகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்."

"பார்க்கிறேன்."

"வெள்ளாடு என்று தெரியும்."

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "பதிவு கிடைக்குமென்று நான் எண்ணவில்லை" என்றார்.

என்னிடமிருந்து அதற்கு மரியாதையான பதில் எதுவும் வந்திருக்காது. நல்லவேளையாக மனைவி எழுந்துவிட்டார். முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களுக்குப் பேசிப் பழகிய உரத்த டேனிஷில், வாய்க்காலுக்கு அப்பால் கம்பி வேலி போட்ட நிலத்தில் என்ன நிற்கிறது என்று தலைவரைக் கேட்டார். தன்னுடைய செம்மறி என்றார் அவர். அது குடியிருப்பு வலயமா என்றார். இல்லை, விவசாயத்துக்குரிய கமநிலம் என்றார் அவர்.

"அப்படியென்றால் உங்கள் செம்மறியை எங்கள் வீட்டுப் பங்குப் புல்லுக்கு விடுங்கள். என் ஆடுகளை உங்கள் வேலிக்குள் விடுகிறேன். அங்கே மரம் ஒன்றும் இல்லை. நான் பார்த்து வைத்திருக்கிறேன்."

தலைவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். "அப்படியும் செய்யலாம்" என்றார். இப்பகுதியில் அதற்கு மேலான சம்மதம் கிடையாது. கொம்யூனுக்கு மேய்ச்சல் நிலம் காட்டப்பட்டது. அவர்களும் வேறு எதையும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. எங்கள் பங்குப் புல்லில் மேயும் விலங்கில் எங்கள் வீட்டுக் குறி இருக்க வேண்டுமென்பது விதி. சுடுவதை இன்றைய சட்டம் அனுமதிக்காதபடியால் கம்பளியில் பூசும் நீல மையைக் கொண்டு வந்தார் அயலவர். நான் இரும்பைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மனைவி செம்மறியின் கழுத்தைப் பிடித்தார். முதலாவது செம்மறியில் குறுக்குக்கோடு சரிந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, எங்கட குறி அந்தாளின்ர செம்மறியில" என்றார். "எங்கட ஆடு குறி இல்லாமல் அந்தாளின்ர நிலத்தில. இதுக்கோ இவ்வளவு செவ்வாய்க்கிழமை?"

எனக்கும் அதுவே தோன்றிக்கொண்டிருந்தது. அடுத்த செம்மறி வந்தது. அதை நேராக வரைந்த பிறகு, நெடுநாளாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"ஹேர்னிங் வீடு என்னமாதிரி?"

"அது மூண்டாம் மாடி" என்றார் அவர், செம்மறியின் கழுத்தை விடாமல். "ஆட்டை எப்பிடி ஏத்துறது?"